வரியும் வரம்பும்: நீர்வேலிச் சிறுவணிகரும் விற்பனை வரிப் பதிவும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியிலே, கோப்பாயை அடுத்து அமைந்த கிராமம் நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் உழைப்பும் ஒன்றுகூடியதனால் வாழைச் செய்கைக்குப் பெயர்பெற்ற ஊர் அது. வாழைக்குலை வியாபாரமும் அதனைச் சார்ந்து எழுந்த பலசரக்குக் கடைகள், தேநீர்க் கடைகள், மரவேலைப் பட்டறைகள், கட்டடப் பொருட் கடைகள் என்பனவும் இவ்வூரின் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்கின்றன. இத்தகைய சிறு வணிகன் ஒருவன் எந்நிலையிலே அரசின் வரி ஏட்டிற் பதிவு செய்துகொள்ள வேண்டியவனாகின்றான்? அந்த நிலையை வரையறுத்தவர் யாவர்? எந்தத் தேவையினால் அவ்வரையறை காலத்துக்குக் காலம் மாற்றப்பட்டது? இவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயலிலே வரம்பு நீரைத் தடுத்து நிறுத்துவதற்கும் உரிமையை வரையறுப்பதற்கும் உதவுவது. வரிச் சட்டத்திலும் வரம்பு என்பது அவ்வாறானதே. அதன் ஒரு பக்கத்தில் நிற்பவன் வெறும் வணிகன். மறு பக்கத்தில் நிற்பவனோ அரசின் சார்பிலே பிறரிடம் வரி அறவிடும் கடமையுடையவன். விற்பனை வரியின் பாரத்தைச் சுமப்பவன் நுகர்வோனாயினும், அதனைத் திரட்டி ஒப்படைக்கும் வேலை வணிகனுடையது. அவ்வேலைக்கு அவனுக்குக் கூலி இல்லை. தவறினாலோ தண்டம் உண்டு. எனவே பதிவு வரம்பு எங்கு இடப்படுகின்றது என்பது கணக்காளர் மட்டும் கவனிக்க வேண்டிய செய்தியன்று. அரசுக்கும் குடிமகனுக்கும் இடையிலுள்ள உறவின் அளவுகோலாக அது அமைகின்றது.

பழைய வரிகளும் பதிவேடுகளும்

வணிகத்தின் மீது வரி விதித்தல் தமிழர்க்குப் புதிதன்று. உல்கு என்னும் சொல் திருக்குறளிலே அரசனுடைய வருவாய்களுள் ஒன்றைக் குறிக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடியிலே பண்டங்களுக்குப் புலி முத்திரை இடப்பட்டமையைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. அங்காடிப்பாட்டம், தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம் முதலாய வரிப் பெயர்கள் சாசனங்களிலே காணப்படுகின்றன. முதலாங் குலோத்துங்க சோழன் சுங்கந் தவிர்த்தவன் என்று சிறப்பிக்கப்பட்டமை, சுங்கத்தின் சுமை மக்களால் எவ்வளவு உணரப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

இவ்வரிகளுட் பல கடைக்கு இவ்வளவு, தறிக்கு இவ்வளவு, செக்குக்கு இவ்வளவு என்ற முறையிலே பொருளின் மீது நின்றன. விற்பனையின் மொத்தத்தைக் கணித்து விதிக்கும் முறை அக்காலத்துக்கு ஏற்றதன்று. கணக்கேடும் பற்றுச்சீட்டும் பெருகாத சமுதாயத்திலே, அதிகாரியின் கண்ணுக்குத் தெரிவதே வரிக்கு அடிப்படையாகும்.

யாழ்ப்பாண அரசு 1619 இலே போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. அதன் பின்னர் தோம்பு எனப்படும் பதிவேடு முக்கியத்துவம் பெற்றது. நிலமும் அதன் உரிமையாளரும் செலுத்தவேண்டிய இறையும் அதிலே எழுதப்பட்டன. 1658 இலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தோம்புகளை விரிவாக்கினர். அரசின் ஏட்டிலே பெயர் எழுதப்படுவது கடமையையும் உரிமையையும் ஒருங்கே தந்தது: தோம்பிலே பதிவான நிலத்துக்கு வரி உண்டு, அந்நிலத்துக்கு வழக்குரைக்கும் ஆதாரமும் உண்டு. பதிவின் இவ்விரு முகங்களும் பிற்காலத்து வணிக வரியிலும் தொடர்வதைக் காணலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே கடை நேரடியாக வரிக்கு இலக்கான சந்தர்ப்பம் ஒன்று குறிப்பிடத்தக்கது. 1848 இலே தேசாதிபதி டொரிங்டன் காலத்திலே துப்பாக்கி, நாய், வண்டி என்பவற்றோடு கடைகளுக்கும் அனுமதிப்பத்திரக் கட்டணம் விதிக்கப்பட்டது. கடைக்கு ஆண்டுக்கு ஒரு பவுண். பெரிய பண்டசாலைக்கும் கிராமத்துப் பெட்டிக்கடைக்கும் தொகை ஒன்றே. வரம்பு என்ற எண்ணமே இல்லாத வரி இது. அவ்வாண்டிலே கண்டிப் பகுதியில் எழுந்த கிளர்ச்சிக்கு இப்புதிய வரிகளும் காரணமாயின; பின்னர் அவற்றுட் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. சிறியோனையும் பெரியோனையும் ஒரே தட்டில் நிறுத்தும் வரி நிலைபெறாது என்னும் பாடத்தை இந்நாடு கற்ற முதற் சந்தர்ப்பங்களுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம்.

சென்னை காட்டிய வழி

மொத்த விற்பனையை அடிப்படையாகக் கொண்ட பொது விற்பனை வரி இந்தியாவில் முதன்முதலாகத் தோன்றியது தமிழகத்தை உள்ளடக்கிய சென்னை மாகாணத்திலேயாகும். 1937 இலே பதவியேற்ற இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கியது. மதுவினால் வந்த வருவாய் குறைந்தமையால் அதனை ஈடுசெய்ய வேறு வழி வேண்டியதாயிற்று. அதன் விளைவே 1939 ஆம் ஆண்டின் சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம்.

அச்சட்டத்தின் அமைப்பு சிந்தனைக்குரியது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாவுக்குக் குறைந்த வணிகர் வரியிலிருந்து முற்றாக விலக்கப்பட்டனர். 20,000 ரூபா வரை விற்றவர் மாதம் 5 ரூபா என்ற நிலையான தொகையைச் செலுத்தினாற் போதும். அதற்கு மேற்பட்டோர் மொத்த விற்பனையில் நூற்றுக்கு அரை வீதம் செலுத்த வேண்டும். ஆகவே மூன்று படிகள் அமைக்கப்பட்டன: விலக்கு, எளிய தொகை, முழுக் கணக்கு. கணக்கெழுத வசதியற்ற நடுத்தர வணிகனுக்கு ஓர் இடைப்படி கொடுக்கப்பட்டமை இங்கு கவனிக்கத்தக்கது. பிற்காலச் சட்டங்கள் பலவற்றிலே இந்த இடைப்படி மறைந்து, வரம்புக்கு இப்பால் ஒன்றுமில்லை, அப்பால் முழுச் சுமை என்ற நிலை உருவாயிற்று. 2017 யூலை 1 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பொருட்கள் சேவைகள் வரியிலே இவ்விடைப்படி வேறொரு வடிவிலே தொடர்கின்றது. அங்கு பதிவு வரம்பு முதலில் 20 இலட்சம் ரூபாவாக இருந்தது. 2019 ஏப்பிரல் முதல் பொருள் விற்போருக்குத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களிலே 40 இலட்சமாக உயர்த்தப்பட்டது.

இலங்கையிற் புரள்வு வரி

இலங்கையின் அரச வருவாய் நீண்டகாலமாகச் சுங்கத் தீர்வையிலேயே தங்கியிருந்தது. தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதியும் உணவு, துணி இறக்குமதியும் துறைமுகத்தின் ஊடாகவே நிகழ்ந்தமையால், வரியை அங்கேயே அறவிடுவது அரசுக்கு எளிதாயிற்று. 1892 இலே தானிய வரி நீக்கப்பட்டது. 1932 இலே வருமான வரி அறிமுகமாயிற்று. இவை எவையும் கிராமத்துக் கடைக்காரனை வரி அறவிடுபவனாக ஆக்கவில்லை.

1960 களின் தொடக்கத்திலே அந்நியச் செலாவணி நெருக்கடியினால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இறக்குமதி சுருங்கவே அதன் மீது அறவிடப்படும் தீர்வையும் சுருங்குவது இயல்பு. வரித்தளத்தை நாட்டின் உள்ளே தேட வேண்டிய தேவை எழுந்தது. 1963 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நிதிச் சட்டத்தின் மூலம் வியாபாரப் புரள்வு வரி அறிமுகஞ் செய்யப்பட்டமையை இப்பின்னணியிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். பின்னர் 1981 ஆம் ஆண்டின் 69 ஆம் இலக்கப் புரள்வு வரிச் சட்டம் இதற்குத் தனிச் சட்ட வடிவத்தைக் கொடுத்தது.

புரள்வு என்பது இலாபமன்று. கல்லாவுக்குள் வந்த மொத்தத் தொகையே புரள்வு. இவ்வடிப்படையிலே இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, இலாபம் குறைந்த தொழிலுக்கும் கூடிய தொழிலுக்கும் ஒரே அளவுகோல் பயன்பட்டது. இரண்டாவது, ஒரு பொருள் உற்பத்தியாளனிடமிருந்து மொத்த வியாபாரிக்கும், அவனிடமிருந்து சில்லறை வியாபாரிக்கும் கைமாறும்போது, வரிக்கு மேல் வரி அடுக்கப்பட்டது. கடைசியிலே அதனை வாங்கும் கிராமத்தவனிடம் இந்த அடுக்கு முழுவதும் வந்து சேர்ந்தது. இக்குறையை நீக்கும் முறையாகப் பிரான்சிலே மோரிஸ் லோரே என்பார் வகுத்த பெறுமதி சேர் வரி 1954 இலே அங்கு நடைமுறைக்கு வந்தது. இலங்கை அதனை அடைய மேலும் நான்கு தசாப்தங்களுக்கு மேலாயின.

இக்காலத்திலே நீர்வேலி போன்ற ஊர்களின் பொருளாதாரம் வேறொரு வழியில் ஏற்றம் கண்டது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை பெற்றன. தோட்டக்காரன் கையிலே பணம் புழங்க, கடைகளும் பெருகின. 1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கை அந்த ஏற்றத்துக்கு முடிவு கட்டியது. வணிகனுடைய புரள்வு அவனுடைய திறமையினால் மட்டும் ஏறி இறங்குவதில்லை என்பதற்கு இஃது உள்ளூர்ச் சான்றாகும்.

கொடுக்கப்பட்டதும் கைக்கு எட்டாததும்

1987 இலே அரசியலமைப்புக்கான பதின்மூன்றாந் திருத்தம் நிறைவேறியது. அதன் ஒன்பதாம் அட்டவணையிலுள்ள மாகாண சபை நிரலிலே, மொத்த விற்பனை, சில்லறை விற்பனை என்பவற்றின் மீதான புரள்வு வரி மாகாணங்களுக்குரிய அதிகாரமாகக் குறிக்கப்பட்டது. பாராளுமன்றம் விதிக்கும் எல்லைகளுக்கும் விலக்குகளுக்கும் அமைவாகவே அவ்வதிகாரம் வழங்கப்பட்டதாயினும், மாகாணம் ஒன்றின் சொந்த வருவாய்க்கு இஃது ஆதாரமாகத் தக்கது. நீர்வேலிக் கடைக்காரன் எத்தொகைக்கு மேல் வரி செலுத்த வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலே, அவனுடைய வாக்கினால் தெரிவான சபைக்கும் பங்கு கிடைக்கும் என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

நடந்ததோ வேறு. 1988 இலே அமைந்த வடக்குக் கிழக்கு மாகாண சபை 1990 இலே கலைந்தது. இணைந்திருந்த மாகாணங்கள் 2007 சனவரி முதல் பிரிக்கப்பட்டன. வட மாகாண சபைக்கான முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பர் 21 ஆந் திகதியே நடைபெற்றது. அதற்கு முன்பே, 2011 சனவரி முதல் மாகாணப் புரள்வு வரி நிறுத்தப்பட்டு, மத்திய அரசின் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் பகிரும் ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. வடக்கிலே தெரிவுசெய்யப்பட்ட சபை கூடியபோது, சட்ட ஏட்டிலே அதிகாரம் இருந்தது. நடைமுறையிலே வரி இருக்கவில்லை. 2019 டிசெம்பரிலே தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியும் நீக்கப்பட்டது. மாகாண சுயாட்சி பற்றிய விவாதங்களிலே காணி அதிகாரமும் பொலிஸ் அதிகாரமும் பெரிதும் பேசப்படுகின்றன. கடைத்தெருவின் வரியதிகாரம் நழுவிய வரலாறு அந்த அளவுக்குப் பேசப்படாமை வியப்புக்குரியது.

போர்க்காலம்

1990 இன் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தது. எரிபொருள், உரம், மின்கலம் முதலிய பொருள்கள் தடைசெய்யப்பட்டன அல்லது மட்டுப்படுத்தப்பட்டன. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். நீர்வேலியும் அவ்விடப்பெயர்வுக்கு உட்பட்ட பகுதியே. 2002 இன் போர்நிறுத்தத்தின் பின்னர் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, அவ்வீதியால் வந்த பொருள்களுக்கு விடுதலைப் புலிகள் வரி அறவிட்டனர். 2006 ஓகஸ்ட் 11 ஆந் திகதி அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. பொருள்கள் கப்பல் வழியாக வந்தன, விலைகள் ஏறின.

விற்பனை வரிப் பதிவு என்பது தொடர்ச்சியான கணக்கேட்டை நம்பிய ஒரு முறையாகும். மூன்று மாதப் புரள்வு எவ்வளவு, பன்னிரண்டு மாதப் புரள்வு எவ்வளவு என்று சட்டம் வினவுகின்றது. கதவைப் பூட்டிவிட்டு ஓரிரவில் வெளியேறிய ஊரிலே அத்தகைய தொடர்ச்சியை எதிர்பார்த்தல் இயலாது. வடபுலத்துச் சிறு வணிகன் நவீன வரிமுறையைச் சந்தித்தபோது, கொழும்பு வணிகனுக்கு வாய்த்த பழக்கமும் பயிற்சியும் அவனுக்கு வாய்க்கவில்லை. ஏனைய இடங்களிலே படிப்படியாகக் கற்கப்பட்டதை அவன் போர் முடிந்த 2009 இன் பின்னர் ஒருங்கே கற்க வேண்டியவனானான்.

அலைந்த வரம்பு

1998 ஏப்பிரல் 1 முதல் பொருட்கள் சேவைகள் வரி இலங்கையில் நடைமுறைக்கு வந்தது. 2002 ஓகஸ்ட் 1 முதல், 2002 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பெறுமதி சேர் வரி அதனிடத்தைப் பெற்றது. தொடக்கத்திலே காலாண்டுக்கு 5 இலட்சம் ரூபா அல்லது ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவை வரிக்குரிய விற்பனை கடந்தாற் பதிவு கட்டாயமாயிற்று. மொத்த, சில்லறை வியாபாரம் மாகாண விடயமாக இருந்தமையால் அவ்வியாபாரிகள் பொதுவாக இதற்கு வெளியே நின்றனர். ஆகையினால் நீர்வேலியிலே பலசரக்குக் கடைக்காரனை அது நெருங்கவில்லை; தளபாடம் செய்து விற்கும் பட்டறைக்காரனை நெருங்கக்கூடியதாயிருந்தது.

2013 இலே பதிவு வரம்பு ஆண்டுக்கு 12 மில்லியனாக உயர்த்தப்பட்டது. அதேயாண்டில் மிகப் பெரிய மொத்த, சில்லறை வியாபாரங்கள், காலாண்டுக்கு 500 மில்லியன் என்ற உயர்ந்த வரம்போடு, வரிக்குள் கொண்டுவரப்பட்டன. அவ்வரம்பு பின்னர் ஆண்டுதோறும் இறங்கியது. 2016 மே மாதத்திலே வரி வீதம் 11 இலிருந்து 15 ஆக உயர்த்தப்பட்டதோடு சில்லறைக் கடைகளும் பரவலாக உள்ளடக்கப்பட்டபோது, வணிகர் கடையடைப்புச் செய்து எதிர்த்தனர். உரிய சட்டம் நிறைவேறாமல் வரி அறவிடப்படுவதை எதிர்த்துத் தாக்கலான வழக்கிலே, அவ்வாண்டு யூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்குரியது என அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அந்த ஆண்டு நவம்பர் 1 முதலே, சட்டத் திருத்தத்தின் பின்னர், புதிய வீதம் நடைமுறைக்கு வந்தது. சில்லறை வியாபாரிக்கான வரம்பு காலாண்டுக்கு 12.5 மில்லியனாக அமைந்தது. கடைக்காரன் கடக்க வேண்டிய கோட்டை ஒரு சுற்றறிக்கையினால் நகர்த்த முடியாது என்னும் கோட்பாடு இதன் மூலம் உறுதிபெற்றது.

மூன்றாண்டுகளின் பின்னர் வரம்பு எதிர்த்திசையிலே பாய்ந்தது. 2019 டிசெம்பர் 1 முதல் வரி வீதம் 15 இலிருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. 2020 சனவரி முதல் பதிவு வரம்பு ஆண்டுக்கு 300 மில்லியனாக உயர்த்தப்பட்டது. பதிவு பெற்றிருந்தோரிற் பெருந்தொகையினர் ஏட்டிலிருந்து நீங்கினர். அரச வருவாய் சரிந்தது. 2022 ஏப்பிரலிலே வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பொருளாதார வீழ்ச்சிக்கான பொறுப்பு குறித்து 2023 நவம்பர் 14 ஆந் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பிலே, ஆராயப்பட்ட செயல்களுள் இவ்வரிக் குறைப்பும் ஒன்றாகும்.

பின்னர் வரம்பு வேகமாக இறங்கியது. 2022 ஒக்ரோபர் முதல் ஆண்டுக்கு 80 மில்லியன்; 2024 சனவரி முதல் 60 மில்லியன். வரி வீதமோ 8 இலிருந்து 12, 15, 18 என ஏறியது. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என இன்னொன்றும் 2022 ஒக்ரோபரிலே 2.5 வீதத்தில் தொடங்கியது. 2025 நவம்பரிலே சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே, பதிவு வரம்பை 2026 ஏப்பிரல் முதல் 36 மில்லியனாகக் குறைக்கும் முன்மொழிவு இடம்பெற்றது.

ஆண்டிலே 300 நாட்கள் கடை திறந்திருக்கும் எனக் கொண்டு இத்தொகைகளை நாள் விற்பனையாக மாற்றினால் அவற்றின் பொருள் தெளிவாகும். 2002 இன் வரம்பு நாளொன்றுக்கு 6,000 ரூபா; 2013 இன் வரம்பு 40,000; 2020 இன் வரம்பு 10 இலட்சம்; 2024 இன் வரம்பு 2 இலட்சம்; முன்மொழியப்பட்ட 36 மில்லியனோ 120,000 ரூபா. கால் நூற்றாண்டுக்குள் இவ்வளவு ஏற்றத்தாழ்வு கண்ட ஓர் அளவுகோலை நம்பி எந்த வணிகனும் தன் தொழிலைத் திட்டமிட இயலாது. இதனோடு பணவீக்கத்தையும் சேர்த்து நோக்க வேண்டும். 2022 செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. சென்ற ஆண்டு விற்ற அதே எண்ணிக்கையான பொருள்களை விற்றவனுடைய புரள்வும் ரூபாக் கணக்கிலே பெருகியிருக்கும். கடை வளராமலே வரம்பை நோக்கி நகர்ந்தது.

நீர்வேலியின் மூன்று நிலைகள்

இச்சட்டம் ஓர் ஊரிலே எவ்வாறு இயங்கும் என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளினால் விளக்கலாம். இவற்றிலே வரும் விலைகளும் இலாப வீதங்களும் விளக்கத்தின் பொருட்டுக் கொள்ளப்பட்டவை. வரி வீதம் 2024 இன் 18 வீதம்.

முதலாவது, பலசரக்குக் கடைக்காரன். அவன் பதிவு பெறாதவன். யாழ்ப்பாண நகரத்து மொத்த வியாபாரியிடம் 100 ரூபாப் பெறுமதியான பொருளை 18 ரூபா வரியுடன் 118 ரூபாவுக்கு வாங்குகின்றான். 12 ரூபா இலாபம் வைத்து 130 ரூபாவுக்கு விற்கின்றான். அவனுடைய சிட்டையிலே வரி என்ற சொல்லே இராது. ஆயினும் 18 ரூபா அப்பொருளின் விலைக்குள் மறைந்திருக்கின்றது. வரம்புக்குக் கீழே நிற்பவன் வரிக்கு வெளியே நிற்கின்றான் என்ற எண்ணம் இவ்வகையிலே பிழையாகும். அவன் வரி அறவிடுவதில்லை. வரியைச் சுமந்து கடத்துகின்றான். பதிவு பெற்றவனாயின் 18 ரூபாவைக் கழித்துக்கொண்டு, 112 ரூபாவின் மீது 20 ரூபா 16 சதம் வரி சேர்த்து, 132 ரூபா 16 சதத்துக்கு விற்பான். அரசுக்கு அவன் கையாற் செலுத்துவது 2 ரூபா 16 சதமே. இச்சிறு தொகைக்காக அவன் மேற்கொள்ள வேண்டிய கணக்கு வேலையோ பெரிது. சிறு வணிகரை விலக்கி வரம்பு இடப்படுவதன் நியாயம் இங்குதான் உள்ளது: அவர்களிடமிருந்து அரசு மேலதிகமாகப் பெறுவது சிறிது, பெறுவதற்கு ஆகும் செலவு பெரிது.

இரண்டாவது, மரவேலைப் பட்டறைக்காரன். அவனுடைய கதிரைகளை வாங்குவது பதிவு பெற்ற விடுதி ஒன்று எனக் கொள்வோமாயின் நிலைமை மாறுகின்றது. பதிவு பெற்றவனிடம் வாங்கினால், விடுதி தான் செலுத்திய வரியைத் தன் வரிக் கணக்கிலே கழித்துக்கொள்ளலாம். மேற்கூறிய அதே எண்களின்படி அதன் உண்மைச் செலவு 112 ரூபா. பதிவு பெறாதவனிடம் வாங்கினாற் செலவு 130 ரூபா. வரிப் பற்றுச்சீட்டு இல்லாமையால் எதனையும் கழிக்க இயலாது. எனவே சிறியவனாக இருப்பதே அவனுக்குச் சந்தையிற் குறையாகிவிடுகின்றது. வரம்பை எட்டாதவனும் தானாக விரும்பிப் பதிவு செய்துகொள்ளச் சட்டம் இடமளிப்பதன் காரணம் இதுவேயாகும். பழைய தோம்பு போலவே இப்பதிவும் கடமையோடு உரிமையையும் தருகின்றது.

மூன்றாவது, சீமெந்தும் இரும்பும் விற்கும் கட்டடப் பொருட் கடைக்காரன். சீமெந்துப் பை ஒன்று 2,000 ரூபாவாயின், நாளுக்கு 100 பைகள் விற்றாலே 60 மில்லியன் வரம்பை அவன் எட்டிவிடுவான். அவனுடைய மொத்த இலாபம் நூற்றுக்கு ஐந்தாயின் ஆண்டுக்கு 30 இலட்சம். மாதத்துக்கு 250,000 ரூபா. வாடகை, கூலி, வண்டிச் செலவு, வட்டி ஆகியவற்றை அதிலிருந்தே கொடுக்க வேண்டும். அதே 60 மில்லியன் புரள்வை நூற்றுக்கு முப்பது இலாபமுள்ள தொழிலொன்று அடைந்தால் அதன் மொத்த இலாபம் ஆறு மடங்காகும். சட்டத்தின் கண்ணிலே இருவரும் சமமானவர். 1848 இன் ஒரு பவுண் வரியிலே காணப்பட்ட குறையின் சாயல் இங்கும் தொடர்கின்றது எனலாம்.

வாழைத்தோட்டக்காரனின் நிலை தனியானது. பதனிடப்படாத உள்ளூர் விளைபொருளுக்கு வரிவிலக்கு உண்டு. வாழைக்குலை எத்தனை விற்றாலும் அதற்காக அவன் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் 2024 சனவரி முதல் டீசலும் பெற்றோலும் இவ்வரிக்கு உட்படுத்தப்பட்டன. குலையை ஏற்றிச்செல்லும் லொறியின் எரிபொருளிலே வரி உண்டு. விலக்குப் பெற்ற பொருளை விற்பவன் அதனைக் கழித்துக்கொள்ள வழியில்லை.

மேலும், கிராம வணிகரிடையே மூவகைப் பதிவுகள் ஒன்றோடொன்று மயங்குவதுண்டு. தன் பெயரல்லாத வேறு பெயரிலே தொழில் நடத்துவோன் செய்யும் வியாபாரப் பெயர்ப் பதிவு ஒன்று. அதன் மூலச் சட்டம் 1918 இற்குரியது. பிரதேச சபையிலே பெறும் வியாபார அனுமதிப்பத்திரம் இன்னொன்று. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலே செய்யும் பெறுமதி சேர் வரிப் பதிவு மூன்றாவது. முன்னிரண்டும் உள்ளமை மூன்றாவதற்கு ஈடாகாது. மூன்றாவது இல்லாதவன் வாடிக்கையாளரிடம் பெறுமதி சேர் வரி எனக் கூறி ஒரு சதமேனும் அறவிடுதல் சட்டவிரோதமாகும். சான்றிதழைக் கேட்டுப் பார்க்கும் உரிமை வாங்குவோனுக்கு உண்டு என்பதை மாணவர் சமுதாயம் அறிந்திருத்தல் நன்று.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. விற்பனை வரியின் தோற்றமும் வரம்பின் அசைவும் பெரும்பாலும் அரசின் வருவாய்த் தேவையைப் பின்பற்றியே நிகழ்ந்துள்ளன. சென்னையிலே மதுவிலக்கின் இழப்பு, இலங்கையிலே 1960 களின் இறக்குமதிச் சுருக்கம், 2022 இன் கடன் நெருக்கடி ஆகியன அதற்குச் சான்றுகள். 2020 இலே வரம்பு உயர்ந்ததும் சிறு வணிகனுடைய நிலையை அளந்து செய்யப்பட்டதன்று. கிராமத்துக் கடை ஒருபோதும் எட்டாத 300 மில்லியன் வரை அது சென்றமையே அதனைக் காட்டும். அதனாற் பயனடைந்தோர் பெரும்பாலும் நடுத்தரத்துக்கு மேற்பட்ட நிறுவனத்தார். அதன் விளைவைப் பின்னர் விலையேற்றமாகவும் வரியேற்றமாகவும் சுமந்தோருள் நீர்வேலித் தேநீர்க் கடைக்காரனும் ஒருவன்.

வரம்பு மிகத் தாழ்ந்தாற் சிறியோன் நசுங்குவான். மிக உயர்ந்தால் அரசு வெறுமையாகும். இவ்விரண்டுக்கும் இடையே நிலையான ஓரிடத்தில் அதனை நிறுத்துதல், பணவீக்கத்துக்கேற்ப முறையாகத் திருத்துதல், 1939 இன் சென்னைச் சட்டத்திலே இருந்தது போன்ற எளிய இடைப்படி ஒன்றை அமைத்தல், பதிவு செய்வோனுக்குத் தன் மொழியிலே தெளிவான வழிகாட்டல் கொடுத்தல் என்பன இவ்வரலாறு சுட்டும் தேவைகளாகும். மாகாணத்துக்கெனச் சட்டத்தில் எழுதப்பட்ட புரள்வு வரி அதிகாரத்தின் நிலை யாது என்ற வினாவும் விடை வேண்டி நிற்கின்றது. தம் கடைத்தெருவின் வரம்பைத் தீர்மானிக்கும் அவையிலே தமக்கும் குரல் வேண்டும் என்று ஓர் ஊரவர் கேட்பாராயின், அது வரி செலுத்த மறுப்பதாகாது. வரியையும் ஆட்சியையும் ஒன்றோடொன்று பிணைத்துக் காணும் குடிமக்களின் நியாயமான கோரிக்கையே அதுவாகும்.